திறக்காத சிப்பி

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலங்களில் கரையில் ஏலம் போனது முத்து அல்ல, சிப்பி. அதுவும் வாய் திறக்காத சிப்பி. பிற்பகலில் படகுகள் கரை சேர்ந்ததும், வேலி அடைத்த களத்தில் சிப்பிகளைக் கொட்டி எண்ணிப் பங்கு பிரிப்பார்கள். மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. மீதி ஒரு பங்கு கடலுக்குள் இறங்கியவர்களுக்கு. அரசின் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலத்துக்கு வரும். ஏலம் எடுத்தவர் அவற்றை வள்ளங்களில் போட்டு ஒரு வாரம் அழுகவிட்டு, கடல்நீரில் கழுவி, அடியில் தங்கிய கசடைச் சலித்துப் பார்த்தால்தான் போட்ட பணம் மீண்டதா என்பது தெரியும்.

களத்துக்கு வெளியே இதே வணிகம் சில்லறையில் நடந்தது. தங்கள் பங்கைச் சுமந்து வரும் முத்துக்குளிப்பவர்களை மறித்துக்கொண்டு ஒரு கூட்டம் நிற்கும். ஓரணாவுக்கு இத்தனை என்று கைப்பிடியாக வாங்கி, அங்கேயே மணலில் உட்கார்ந்து கத்தியால் பிளந்து பார்ப்பார்கள். பெரும்பாலும் உள்ளே சதைதான். எப்போதாவது ஒன்றில் கடுகளவு முத்து. அதனினும் அபூர்வமாக, ஒரு குடும்பத்தின் நிலையை மாற்றக்கூடிய முத்து. அந்த ஒன்றைப் பற்றிய பேச்சு முகாம் முழுவதும் ஓடும். வெறும் சதையைப் பார்த்துவிட்டு எழுந்து போன ஆயிரம் பேரைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

இந்தக் கரையில் இது பழைய கதை. கொற்கையின் முத்துக்குளிப்பைப் பற்றி முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடற்பயண நூலான பெரிப்ளூஸ் பேசுகிறது. தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு அந்த வேலை நடந்தது என்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ, பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், சுறாவைக் கட்டுவதாக மந்திரம் சொல்பவர்களுக்கு இருபதில் ஒரு பங்கும் போனதாக எழுதினார். உயிரைப் பணயம் வைத்து மூழ்குபவர், பணத்தைப் பணயம் வைத்து வாங்குபவர், இருவரிடமும் பங்கு வாங்கும் அரசு. இந்த அமைப்பு ஈராயிரம் ஆண்டுகளாகப் பெரிதாக மாறவில்லை.

நிச்சயமின்மை சிப்பிக்குள் மட்டும் இருக்கவில்லை. சிப்பிகள் வாழும் கடலடிப் பாறைத் திட்டுகளான முத்துப்பார்களே நிச்சயமற்றவை. தூத்துக்குடிக்கு நேரே உள்ள தொலையிரம் பாரில் ஓராண்டு இளஞ்சிப்பிகள் விரித்துப் போட்டதுபோல் கிடக்கும்; சிலகாலம் கழித்துப் போய்ப் பார்த்தால் வெறும் பாறை. 1926 முதல் 1928 வரை நடந்த குளிப்புக்குப் பிறகு 27 ஆண்டுகள் எதுவுமில்லை. 1955இல் மீண்டும் தொடங்கி 1961இல் முடிந்தது. அதன்பின் இன்றுவரை இயற்கை முத்துக்குளிப்பு இந்தக் கரையில் நடக்கவில்லை. தூத்துக்குடியில் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் 1973இல் சிப்பிக்குள் முத்தைச் செயற்கையாக வளர்ப்பதில் வெற்றி கண்டார்கள். பாருக்குச் சிப்பிகள் மட்டும் திரும்பி வரவில்லை.

எதிர்க்கரையில் நடந்ததை இங்கே விரிவாகவே சொல்ல வேண்டும். 1905இல் இலங்கையின் மரிச்சுக்கட்டியில் நடந்த குளிப்பில் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்கு ஏறத்தாழ 25 லட்சம் ரூபாய் கிடைத்தது. அதுவரை காணாத வருமானம். மறு ஆண்டே லண்டன் நிறுவனம் ஒன்று முத்துப்பார்களை 20 ஆண்டுகளுக்குக் குத்தகை எடுத்தது. ஆண்டுக்கு 3,10,000 ரூபாய். அதே பார்களில் 1837க்குப் பிறகு 1854 வரை ஒரு சிப்பிகூட எடுக்கப்படவில்லை என்பது அரசு ஆவணங்களில் இருந்தது. 1892 முதல் பத்தாண்டுக்கு மேல் இன்னொரு வெற்றிடம் இருந்ததும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கண்முன் இருந்தவை 1903, 1904, 1905ஆம் ஆண்டுகளின் குவியல்கள். 1907க்குப் பிறகு பார்கள் வெறுமையாயின. குத்தகைக் காலத்தில் பாதிகூட முடியாத நிலையில் நிறுவனம் கலைக்கப்பட்டது. பங்குதாரர்கள் படித்தவர்கள், கணக்கர்களும் விலங்கியல் ஆலோசகர்களும் அவர்களுக்குத் துணை இருந்தார்கள். சூதில் தோற்பது படிப்பறிவில்லாத ஏழையின் பலவீனம் என்று நினைப்பவர்களுக்கு இந்த நிறுவனத்தின் கதையைத்தான் நான் சொல்வது வழக்கம்.

தொடர்ந்து சில முறை கிடைத்தால் அடுத்த முறையும் கிடைக்கும் என்று மனம் ஏன் முடிவு கட்டுகிறது? 1975இல் அமெரிக்க உளவியலாளர்கள் எலன் லாங்கரும் ஜேன் ராத்தும் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்கள் 30 முறை நாணயம் சுண்டப்படுவதைப் பார்த்துப் பூவா தலையா என்று சொல்ல வேண்டும். முடிவுகள் முன்பே திட்டமிடப்பட்டவை. எல்லோருக்கும் மொத்தம் 15 சரி, 15 தவறு. ஒரு குழுவுக்குச் சரியான விடைகள் தொடக்கத்தில் அடுத்தடுத்து வந்தன. இன்னொரு குழுவுக்குக் கடைசியில் வந்தன. தொடக்கத்திலேயே வென்றவர்கள், நாணயம் சுண்டுவதைக் கணிக்கும் திறமை தங்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் என்று நம்பினார்கள். ஆகச் சிறந்த பல்கலைக்கழகம் ஒன்றின் மாணவர்கள் அவர்கள். திருக்குறளின் சூது அதிகாரம் முதல் குறளிலேயே, வென்ற பணத்தை மீன் விழுங்கிய தூண்டில் முள்ளுக்கு ஒப்பிடுகிறது. தோல்வியைவிட முதல் வெற்றியே ஆபத்து என்பதை வள்ளுவர் கண்டிருந்தார். லாங்கரும் ராத்தும் அதை எண்ணிக் காட்டினார்கள்.

மூளையின் உள்ளே நடப்பது இன்னும் வியப்பானது. இன்பம் கிடைக்கும்போது டோபமைன் சுரக்கிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். நரம்பியல் ஆய்வாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் நரம்பணுக்களில் அளந்து கண்டது வேறு. எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் டோபமைன் அணுக்கள் துடிக்கின்றன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, சாறு வரும்போது துடிப்பு இல்லை. விளக்கு எரியும்போதே துடித்துவிடுகின்றன. எதிர்பார்த்த சாறு வராவிட்டால் துடிப்பு இயல்புக்கும் கீழே இறங்குகிறது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டுக் கற்றுக்கொள்ளும் ஏற்பாடு இது. 2003இல் ஷுல்ட்ஸ் குழு இன்னொன்றையும் கண்டது. சாறு வருமா வராதா என்பது பாதிக்குப் பாதி என்றிருக்கும்போது, காத்திருக்கும் அந்தச் சில நொடிகளில் டோபமைன் அணுக்களின் செயல்பாடு படிப்படியாக ஏறி உச்சத்தைத் தொட்டது. நிச்சயம் வரும் என்றாலும், நிச்சயம் வராது என்றாலும் அந்த ஏற்றம் இல்லை. சிப்பியைப் பிளக்கக் கத்தியை வைக்கும் நொடி அது. கடைசிச் சீட்டைத் திருப்பும் நொடியும் அதுவே.

டோபமைனுக்கும் சூதாட்டத்துக்கும் உள்ள தொடர்பு குரங்கோடு நிற்கவில்லை. பார்க்கின்சன் நோய்க்கு டோபமைன் போலச் செயல்படும் மருந்துகள் தரப்படுகின்றன. அதுவரை சீட்டைத் தொட்டே அறியாத முதியவர்கள் சிலர், அந்த மருந்தைத் தொடங்கியபின் சேமிப்பு முழுவதையும் சூதாட்ட விடுதியில் தொலைத்தார்கள். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை 2005இல் இப்படி 11 நோயாளிகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. மருந்தை நிறுத்தியோ குறைத்தோ பார்த்ததும் பலருக்கு அந்த வேகம் அடங்கியது. ஒரு மாத்திரை சூதாடியை உருவாக்கவும் அவரை மீட்கவும் முடிகிறது என்றால், இதை வெறும் ஒழுக்கக் குறைவு என்று பேசிக்கொண்டிருப்பது எப்படி நியாயமாகும்? மனநல மருத்துவமும் அந்த இடத்துக்கு மெதுவாகத்தான் வந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980இல் கட்டுமீறிய சூதாட்டத்தை நோய்ப் பட்டியலில் சேர்த்தது. 2013இல் மதுவும் போதைப்பொருளும் இருக்கும் அடிமைநோய்ப் பிரிவுக்கு மாற்றியது. 9 அறிகுறிகளில் 4 ஓராண்டுக்குள் இருந்தால் நோய் என்பது அந்த வரையறை. அவற்றில் எங்கள் பக்கத்து மக்கள் உடனே அடையாளம் காணும் ஒன்று, விட்ட பணத்தைத் துரத்துவது. “விட்டத எடுத்துட்டு நிப்பாட்டிருதேன்” என்ற வாக்கியத்தைக் கேட்காத வீடு, இந்த நோய் புகுந்த வீடுகளில் ஒன்றுகூட இருக்காது.

சரி, மூளை அப்படிப்பட்டது, கடலும் அப்படிப்பட்டது. அப்படியானால் முத்துக்குளிப்பு நடந்த ஆண்டுகளில் கரையே பைத்தியம் பிடித்து அலைந்திருக்க வேண்டுமே? பலர் நொடித்தார்கள், உண்மை. படகுக்காரரிடமும் வட்டிக்காரரிடமும் கடன்பட்டே பலர் கடலுக்குள் இறங்கினார்கள். ஆனாலும் அந்த ஆட்டத்துக்குச் சில தடைகள் இருந்தன. அவற்றைப் பற்றித்தான் இந்த அத்தியாயத்தில் நான் முக்கியமாகப் பேச விரும்புகிறேன்.

குளிப்புக்கு முன்பே அதிகாரிகள் பார்களைச் சோதித்து, சில ஆயிரம் சிப்பிகளை மாதிரிக்கு எடுத்துக் கழுவி, கிடைத்த முத்துகளை வணிகர்களைக் கொண்டு மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் என்று ஊரறிய அறிவிப்பார்கள். ஏலம் கேட்பவருக்குச் சராசரி தெரியும். நள்ளிரவுக் கரைக்காற்றில் புறப்பட்ட படகுகள் விடிந்ததும் குளிக்கத் தொடங்கும். நண்பகலில் வெடிச்சத்தம் கேட்டதும் நிறுத்தியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. தென்மேற்குக் காற்று எழுந்தால் பருவம் முடிந்தது. ஏலம் எடுத்தவர் முடிவு தெரிய ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். இன்று தோற்றதை இன்றே துரத்த வழியில்லை. இவற்றில் எதுவும் சூதாடியைக் காப்பாற்றுவதற்காக ஏற்பட்டதல்ல. அரசு தன் வருமானத்தைக் காத்துக்கொண்டது, மீதியைக் காற்றும் வெயிலும் அழுகலும் பார்த்துக்கொண்டன. ஆனால் விளைவு ஒன்றுதான். கிடைக்கும் வாய்ப்பு இவ்வளவு என்று தெரிந்திருந்தது, நேரத்துக்கு எல்லை இருந்தது, பணம் போட்டதற்கும் பலன் தெரிவதற்கும் இடையில் நாட்கள் இருந்தன.

கைப்பேசியில் வந்த பண ரம்மியை இந்த மூன்றோடும் வைத்துப் பாருங்கள். நேரத்துக்கு எல்லை இருக்கவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கும் எதிரே யாரோ உட்கார்ந்திருப்பார். தோற்றதற்கும் அடுத்த ஆட்டத்துக்கும் இடையில் ஒரு தட்டல்தான். வாய்ப்பின் கணக்கோ இன்னும் இருட்டு. அதை வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்போம். இருவர் ஆளுக்கு 100 ரூபாய் கட்டி ஆடுகிறார்கள். 200 ரூபாயில் 20ஐ நடத்துபவர் கட்டணமாக எடுத்துக்கொண்டு 180ஐ வென்றவருக்குத் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆட்டத்துக்கு 5 நிமிடம். மணிக்கு 12 ஆட்டம், 240 ரூபாய் மேசையை விட்டு வெளியே போகிறது. இருவர் கையிலும் சேர்த்து 4,800 ரூபாய் இருந்து, மாறி மாறி வென்றும் தோற்றும் ஆடிக்கொண்டே இருந்தால், இருபது மணி நேரத்தில் அது ஏறத்தாழ முழுவதும் நடத்துபவரிடம் சேர்ந்துவிடும். யார் எவ்வளவு கெட்டிக்காரர் என்பது, யாருடைய பணம் முதலில் தீரும், மிஞ்சுவது யாரிடம் போகும் என்பதை மட்டுமே தீர்மானிக்கும். மோசடியே இல்லாத, ஒழுங்காக நடக்கும் ஆட்டத்தின் கணக்கு இது.

நம் சட்டம் நெடுங்காலம் வேறொரு கேள்வியில் சிக்கிக்கொண்டிருந்தது: இது திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா? ரம்மியில் சீட்டுகளை நினைவில் வைக்கவும் எதை இறக்குவது என்று தீர்மானிக்கவும் திறமை வேண்டும், மூன்று சீட்டு போன்றதல்ல அது என்று 1967இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சீட்டைப் பற்றி அது சரியான கூற்றுதான். நோயைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. சொல்லப்போனால், கொஞ்சம் திறமை கலந்த ஆட்டம்தான் மனத்தை அதிகம் ஏமாற்றுகிறது. தோல்விக்குக் காரணம் நான் செய்த ஒரு தவறு, அடுத்த முறை திருத்திவிடுவேன் என்று நம்ப அது இடம் தருகிறது. மயிரிழையில் தவறும் தோல்விகளும் அப்படியே. உளவியலாளர் லூக் கிளார்க்கின் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வில், நூலிழையில் தோற்றவர்களின் மூளையில் வெற்றியின்போது செயல்படும் பகுதியே செயல்பட்டது. ஆட்டத்தைத் தொடரும் ஆசையும் கூடியது. ஒரே ஒரு சீட்டுக்காகக் காத்திருந்து தோற்பது ரம்மியில் எத்தனை முறை நடக்கும் என்பது ஆடியவர்களுக்குத் தெரியும்.

தமிழ்நாடு இந்தப் பாதையில் முன்னும் பின்னுமாகவே நடந்திருக்கிறது. 1968இல் அரசே பரிசுச்சீட்டு விற்கத் தொடங்கியது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்பது அன்றைய விளம்பரம். 1975இல் நிறுத்தினார்கள், 1984இல் மீண்டும் கொண்டுவந்தார்கள், 2003 ஜனவரியில் எல்லா லாட்டரிகளையும் தடை செய்தார்கள். கேரளத்தில் அரசு லாட்டரி தொடர்வதால், அதன் கடைசி மூன்று எண்களை வைத்து நடக்கும் கள்ள ஆட்டம் தென்மாவட்டங்களில் இன்னும் ஒழியவில்லை. தூத்துக்குடி மாவட்டக் காவல் செய்திகளில் மூன்று நம்பர் லாட்டரி கைது என்பது வாடிக்கையான தலைப்பு. ஆயிரத்தில் ஒன்று என்ற வாய்ப்புக்கு என்ன பரிசு தருகிறார்கள் என்று கேட்டாலே அந்த வியாபாரத்தின் லாபம் புரிந்துவிடும்.

இணையச் சூதாட்டம் கொரோனா ஊரடங்கின் தனிமையில் வேர் பிடித்தது. கடனில் மூழ்கியவர்களின் தற்கொலைச் செய்திகள் அடுத்தடுத்து வந்தன. 2020 நவம்பரில் அவசரச் சட்டம் வந்தது. அதன் தொடர்ச்சியான சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு 2022 ஜூனில் அறிக்கை தந்தது. அந்த அக்டோபரில் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் மார்ச்சில் திருப்பி அனுப்பினார். மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, ரம்மியையும் போக்கரையும் மட்டும் தடைப்பட்டியலிலிருந்து விலக்கியது.

அதன்பின் வந்ததுதான் என் பார்வையில் இந்த வரலாற்றின் மிகச் சிறந்த கட்டம். தமிழ்நாடு இணைய விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் விதிகள் கொண்டுவந்தது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் ஆடக்கூடாது, ஆதாரைக் கொண்டு அடையாளம் சரிபார்க்க வேண்டும், நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆட்டம் கிடையாது, தொடர்ந்து ஆடினால் எத்தனை நேரம் ஆடினீர்கள் என்ற எச்சரிக்கை திரையில் வர வேண்டும், நாளுக்கும் மாதத்துக்கும் பண வரம்பு வேண்டும். நண்பகல் வெடிக்கு நிகரான ஒன்று கைப்பேசிக்கும் வந்தது. ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் இவ்விதிகளை ஏற்றுக்கொண்டது. திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, எவ்வளவு வேகம், எத்தனை மணிக்கு, எவ்வளவு பணம் என்று கேட்ட விதிகள் இவை. நோயின் இயக்கம் தெரிந்தவர்கள் கேட்கும் கேள்விகளும் அவையே.

இவை பலன் தருமா என்று பார்க்குமுன் நாடாளுமன்றம் குறுக்கிட்டது. 2025 ஆகஸ்ட் 22இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், திறமை ஆட்டமாயினும் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் எல்லாவற்றையும் தடை செய்தது. நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். பெரிய நிறுவனங்கள் உடனே பண ஆட்டங்களை நிறுத்தின. வழக்குகள் உச்ச நீதிமன்றம் போயின. தடையை நான் வரவேற்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, இத்தொழிலுக்கு வருமானமாகும் இழப்பில் சுமார் 60 விழுக்காடு, தீங்கு விளையும் அளவுக்கு ஆடுகிறவர்களிடமிருந்தே வருகிறது. நோயாளி இல்லாவிட்டால் பாதிக்கு மேல் வருமானம் இல்லாத தொழிலைப் பொழுதுபோக்கு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. கிட்டத்தில் இருப்பதை அகற்றினால் பலன் உண்டு என்பதற்கு நார்வே சான்று. 2007 ஜூலையில் கடைகளிலும் தெருக்களிலும் இருந்த சூதாட்ட இயந்திரங்களை அந்நாடு ஒரேயடியாக எடுத்தது. உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகள் வெகுவாகக் குறைந்தன. பின்னர் புதிய இயந்திரங்கள் வந்தபோது, ஆடுபவர் அட்டை வைத்திருக்க வேண்டும், இழப்புக்கு வரம்பு உண்டு என்ற கட்டுப்பாட்டோடு வந்தன. ஆனால் தடை, புதிதாக வருபவரை நிறுத்தும் அளவுக்கு ஏற்கெனவே நோயில் விழுந்தவரை நிறுத்தாது. வெளிநாட்டுத் தளங்களின் இணைப்பு அவர் கைக்கு ஒரு குறுஞ்செய்தியில் வந்து சேரும். அங்கே எந்த விதியும் இல்லை.

தூத்துக்குடியைப் பொறுத்தவரை எனக்கு ஒரு தனிக் கவலை உண்டு. இது காத்திருப்பு மிகுந்த ஊர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அரசின் தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். வடகிழக்குப் பருவமழையில் உப்பளங்கள் நீரில் கிடக்கும். உப்பளத் தொழிலாளர்க்கு அந்த மாதங்களுக்காக 5,000 ரூபாய். வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் சரக்கு லாரிகளின் ஓட்டுநர்கள் முறை வரும்வரை வண்டியிலேயே கிடப்பார்கள். வேலை இருக்கும்போது மொத்தமாகப் பணம் வரும், இல்லாதபோது ஒன்றுமே வராது. சங்குகுளி மீனவருக்கு ஒரு நாள் சங்கு, மறுநாள் கலங்கல் நீர். எப்போது கிடைக்கும் என்று தெரியாத வருமானத்தில் வளர்ந்த மனத்துக்கு, கிடைக்கும்வரை விடாமல் போட்டுப் பார்ப்பது ஒரு நற்குணம். கடலில் அந்தக் குணம்தான் சோறு போடுகிறது. அதே குணம் கைப்பேசியில் வீட்டை விற்கிறது.

கல்வி என்று வரும்போது நாம் செய்வது பெரும்பாலும் சுவரொட்டியும் உறுதிமொழியும்தான். உலகெங்கும் பள்ளிகளில் நடந்த திட்டங்களை ஆராய்ந்தவர்கள் ஒரே மாதிரியான முடிவுக்கு வந்திருக்கிறார்கள்: மாணவர்களின் அறிவு கூடுகிறது, பழக்கம் மாறியதற்கான சான்று குறைவு. தீயது, தொடாதே என்பதைப் பிள்ளைகள் தேர்வில் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அதற்குப் பதிலாக வகுப்பில் முப்பது முறை நாணயம் சுண்டச் சொல்லலாம். முதல் ஐந்தும் சரியாகச் சொன்ன பிள்ளையை எழுப்பி, உன் திறமையா என்று கேட்கலாம். மேலே பார்த்த 4,800 ரூபாய்க் கணக்கைக் கரும்பலகையில் போட்டு, பணம் எங்கே போனது என்று அவர்களையே கண்டுபிடிக்க வைக்கலாம். நிகழ்தகவுப் பாடம் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கிறது; பகடையும் சீட்டுக்கட்டும்கூட அதன் கணக்குகளில் இருக்கின்றன. கேட்க வேண்டிய கேள்வியை ஆசிரியர் கேட்டால் போதும். ஆனால் நோயில் விழுபவர்களில் பெரும்பகுதி பள்ளியை விட்டு வெளியேறிய, சம்பாதிக்கத் தொடங்கிய ஆண்கள். அவர்களிடம் போக வேண்டுமானால் விசைப்படகுச் சங்கம், துறைமுகத் தொழிற்சங்கம், பங்குக் கோயில், ஜமாத் என்று போக வேண்டும். பனிமய மாதா கோயில் திருவிழாவுக்கு ஆகஸ்டில் ஊரே கூடுகிறது. அந்தக் கூட்டத்தில் உதவி எண் எழுதிய ஒரு பந்தல் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

இனி, விழுந்தவருக்கு என்ன செய்வது? வீட்டார் பொதுவாகச் செய்யும் முதல் காரியம், நகையை அடகு வைத்தோ மகளிர் குழுவில் கடன் வாங்கியோ அவருடைய கடனை அடைப்பது. “இந்த ஒரு தடவ அடச்சிட்டா அப்புறம் தொடமாட்டான்” என்று தாய் நம்புவார். அன்பால் செய்வதுதான். ஆனால் நோயின் கண்ணில் அது ஆட்டத்துக்குக் கிடைத்த புதிய முதல். எனக்கு எப்படியோ பணம் வந்துவிடும் என்ற பாடத்தை அந்த மூளை கற்றுக்கொள்கிறது. கடனை அடைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யார் யாருக்கு எவ்வளவு என்று ஒளிக்காமல் முழுப் பட்டியல் எழுதிய பிறகு, பணம் அவர் கை வழியாகப் போகாமல், சிறு தவணைகளாகக் கட்டுவதே முறை. பட்டியலில் கந்துவட்டியும் மீட்டர் வட்டியும் தண்டலும் இருந்தால், அவற்றுக்கு எதிராக 2003 முதல் தமிழ்நாட்டில் தனிச்சட்டமே இருக்கிறது, காவல்துறையிடம் போகலாம். கடன் செயலிகளின் மிரட்டலுக்கும் அஞ்சி ஒளிய வேண்டியதில்லை.

சிகிச்சை இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. தோற்ற வரிசைக்குப் பிறகு வெற்றி வந்தே தீரும் என்பது போன்ற நம்பிக்கைகளை எடுத்து வைத்துச் சோதித்துப் பார்க்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு நல்ல சான்றுகள் உண்டு. மது அடிமைத்தனத்துக்குத் தரப்படும் நால்ட்ரெக்சோன் போன்ற மருந்து சிலருக்கு உந்துதலைத் தணிக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் 2014 முதலே இணைய அடிமைத்தனத்துக்குத் தனிப் பிரிவு நடத்துகிறது. தூத்துக்குடியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. சூதாட்டத்துக்காக வந்தேன் என்று சொல்லி அங்கே சீட்டு வாங்கலாம், அதில் வெட்கப்பட ஏதுமில்லை. மத்திய அரசின் டெலி மனாஸ் உதவி எண் 14416, 2022 அக்டோபர் முதல் நாள் முழுவதும் செயல்படுகிறது, தமிழிலேயே பேசலாம். மாநிலத்தின் 104 எண்ணும் உண்டு. கடன்காரர் வாசலில் நிற்கும் நாளில் உயிரை விடும் எண்ணம் வந்தால், அந்த எண்களில் ஒன்றை அழைத்துவிட்டுத்தான் வேறெதையும் யோசிக்க வேண்டும். அவரால் அழைக்க முடியாவிட்டால் பக்கத்தில் இருப்பவர் அழைக்கலாம்.

குடும்பத்தின் கைக்குச் சட்டம் ஓர் ஆயுதம் தரவும் முடியும். சிங்கப்பூர் 2010இல் சூதாட்ட விடுதிகளைத் திறக்கும் முன்பே, 2005இல் சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றத்தை அமைத்தது. அங்கே குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே நுழைய ஒரு நாளைக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும். ஒருவர் தன்னைத் தானே தடை செய்துகொள்ளலாம். மனைவியோ பெற்றோரோ பிள்ளைகளோ விண்ணப்பித்து, விசாரணைக்குப் பின் அவரைத் தடை செய்யவும் வைக்கலாம். நம்மூரில் சூதாடியின் மனைவிக்கு இன்று இருப்பது கெஞ்சலும் சண்டையும் மட்டுமே. கணவனின் வங்கிக் கணக்கிலிருந்து சூதாட்டத் தளங்களுக்குப் பணம் போவதை நிறுத்தக் கோரும் உரிமை அவளுக்கு வேண்டும். வங்கியும் பணப்பரிமாற்றச் செயலியும் நினைத்தால் இது தொழில்நுட்பத்தில் பெரிய காரியம் அல்ல.

சிகிச்சையில் இருப்பவர் மீண்டும் ஆடிவிடுவது இந்த நோயில் சாதாரணம். அது எப்போது நடக்கும் என்பதை இந்தக் கரையில் ஓரளவு முன்கூட்டியே சொல்லலாம். தடைக்காலத்தில் கையில் காசு இருக்காது, ஆட்டமும் அடங்கியிருக்கும், வீட்டார் நிம்மதி அடைவார்கள். ஜூன் 15க்குப் பிறகு விசைப்படகுகள் நல்ல மீன்பாட்டோடு திரும்பி, முதல் பங்குப் பணம் கைக்கு வரும் வாரம்தான் ஆபத்து. உப்பளத்தில் அது உப்பு வாருதல் தொடங்கும் காலம், துறைமுகத்தில் போனஸ் மாதம். மருத்துவமனைகள் மறுபரிசோதனைக்கு மாதம் ஒரு முறை வரச் சொல்கின்றன. மீனவருக்கு அந்தத் தேதியைப் பங்கு பிரிக்கும் நாளுக்கு முந்திய நாளாகக் குறித்துக் கொடுக்க வேண்டும், மனைவியையும் கூட்டி வரச் சொல்லி. அன்று வரும் பணம் யார் கணக்கில் விழும், எவ்வளவு கையில் இருக்கும், இரவு கைப்பேசி யாரிடம் இருக்கும் என்பதை மருத்துவரும் கணவனும் மனைவியுமாக மூவரும் உட்கார்ந்து பேசி, மருத்துவச் சீட்டிலேயே எழுதிக் கொடுத்து அனுப்பலாம்.